மூச்சுக்குழாய்ச் செல்கள் எப்படி ஒட்டி நிற்கின்றன? திண்ணையில் அடிக்கடி கேட்கப்பட்ட கேள்விகள்

காரைக்குடிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். சாயந்திரம் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் எங்கள் வீட்டுத் திண்ணைக்குப் படிக்க வருவார்கள். எபிதீலியத் திசு பாடம் வந்தால் வருஷா வருஷம் அதே சந்தேகங்கள்தான். பிள்ளைகளைக் கூட்டிப் போக வரும் அம்மாக்கள், டைல் பட்டறையிலிருந்து நேரே வரும் அப்பாக்கள், ஆஸ்துமாவோடு முப்பது வருஷமாகக் குடித்தனம் நடத்தும் எதிர்வீட்டு ஆச்சி என்று பெரியவர்களும் நின்று கேட்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அவர்கள் கேட்டபடியே கேள்வியைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்துப் பேச்சு வரும் இடத்தில் அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டீச்சர், மூச்சுக்குழாய்க்கு உள்ளேயும் தோல் இருக்கா?

தோல் என்று சொல்ல மாட்டோம். ஆனால் தோல் மாதிரியே ஒரு உறை இருக்கிறது, அதன் பெயர் எபிதீலியம். மூக்கில் தொடங்கி, தொண்டைக்குக் கீழே மூச்சுக்குழாய், அது இரண்டாகப் பிரியும் கிளைகள், அந்தக் கிளைகளின் கிளைகள் என்று சுமார் 23 தடவை பிரிந்து காற்றுப்பைகள் வரை போகிற பாதை முழுக்க இந்த உறைதான். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 10,000 லிட்டர் காற்று இதை உரசிக்கொண்டு போய் வருகிறது.

பெரிய குழாய்களில் இருக்கும் வகையைப் பாடப்புத்தகத்தில் 'பொய்யடுக்கு எபிதீலியம்' என்று போட்டிருப்பார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டு மூன்று அடுக்கு மாதிரி தெரியும். உண்மையில் எல்லாச் செல்லின் காலும் ஒரே தரையில்தான் நிற்கிறது. உயரமானது, குட்டையானது கலந்து நிற்பதால் அடுக்கு போல ஒரு தோற்றம். இதில் குறு இழைச் செல்கள் உண்டு. ஒவ்வொன்றின் தலையிலும் சுமார் 200 இழைகள், விநாடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் வீசிச் சளியை மேலே தள்ளும். சளி சுரக்கிற கோப்பைச் செல்கள் உண்டு. தரையோடு தரையாகக் குந்தியிருக்கும் அடிச்செல்கள் உண்டு. கடைசியாகச் சொன்னதை மறக்காதீர்கள், பின்னால் வேலை இருக்கிறது.

செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல என்ன பசை போட்டு ஒட்டியிருக்கு?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். நம் ஊர் வளவு வீடுகளின் சுவரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒட்டு என்றாலே பூச்சு ஞாபகம்தான் வரும். சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய் எல்லாம் சேர்த்து அரைத்துப் பூசினால் நூறு வருஷம் ஆனாலும் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. காய்ந்தால் காய்ந்ததுதான், அப்புறம் அது அசையாது.

செல்லுக்கு நடுவில் அப்படிப் பூச்சு எதுவும் கிடையாது. தேரோட்டத்தன்று கூட்டம் சக்கரத்துப் பக்கம் வராமல் இருக்க ஆட்கள் கைகோத்து நிற்பார்களே, அப்படித்தான் செல்கள் நிற்கின்றன. ஒவ்வொரு செல்லும் தன் சவ்வைத் தாண்டிப் புரதக் கைகளை நீட்டுகிறது, பக்கத்துச் செல்லின் கை அதைப் பற்றுகிறது. கை மட்டும் இருந்தால் போதாது, பின்னால் உடம்பு வேண்டும். செல்லுக்குள் ஓடும் ஆக்டின், கெரட்டின் என்ற புரத நார்களில் இந்தக் கைகள் கட்டப்பட்டிருக்கின்றன. அதனால் ஒரு செல்லை இழுத்தால் பக்கத்துச் செல்லின் எலும்புக்கூடு வரைக்கும் அந்த இழுப்பு போகும். இன்னொன்று, பிடித்த கை எப்போதும் அதே கையாக இருப்பதில்லை. பழைய கையை உள்ளே இழுத்துக்கொண்டு புதுசை நீட்டுவது ஓயாமல் நடக்கிறது.

எல்லாம் ஒரே மாதிரி பிடிதானா, இல்ல வேற வேறயா?

நாலு வகை. இரண்டு மார்க் கேள்வியாக வந்தால் பெயரை எழுதிவிட்டுப் போய்விடலாம். புரிய வேண்டுமென்றால் செல்லின் தலையிலிருந்து கால் பக்கமாக இறங்கி வாருங்கள்.

தலைப்பக்கம், காற்றை ஒட்டி, முதலில் இருப்பது இறுக்கமான இணைப்பு. குக்கர் மூடியில் ரப்பர் வளையம் இருக்கிறதே, அந்த வேலை. கிளாடின், ஆக்ளூடின் என்ற புரதங்கள் செல்லைச் சுற்றி வரிவரியாகத் தையல் போட்டது போல ஓடும். அந்த இடத்தில் இரண்டு செல்லுக்கும் நடுவே இடைவெளியே இருக்காது. அதற்குக் கீழே ஒட்டும் இணைப்பு, அதன் கை ஈ-கேதரின். இதுவும் இடுப்புக்கச்சை மாதிரி செல்லைச் சுற்றி வரும், உள்ளே ஆக்டின் நாரோடு கட்டியிருக்கும். இங்கே செல்களுக்கு நடுவில் 20 நானோமீட்டர் அளவுக்கு இடைவெளி. ஒரு தலைமுடியை 4,000 கீற்றாகக் கிழித்தால் ஒரு கீற்றின் தடிமன்.

அதற்கும் கீழே அங்கங்கே புள்ளி புள்ளியாக டெஸ்மோசோம்கள். சட்டையில் அழுத்திப் போடும் பொத்தானை நினைத்துக்கொள்ளுங்கள். இவை கெரட்டின் நாரோடு சேர்ந்தவை. இருமலின் உதறலைத் தாங்கும் பலம் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. நாலாவது, இடைவெளி இணைப்பு. பிடிப்பதைவிடப் பேசுவதுதான் இதன் வேலை. ஆறு கனெக்சின் புரதங்கள் வட்டமாக நின்று ஒரு குழாய், எதிர்ச் செல்லிலிருந்து இன்னொரு குழாய், இரண்டும் முகத்தோடு முகம் பொருந்தும். அயனிகளும் குட்டி மூலக்கூறுகளும் அதன் வழியாகப் போய் வரும். ஒரு குறு இழைச் செல்லை ஊசி நுனியால் லேசாகத் தொட்டால், அதில் எழும் கால்சியம் அலை பக்கத்துச் செல்களுக்கும் பரவி, அவற்றின் இழைகளும் வேகமாக வீச ஆரம்பிப்பதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள்.

சரி, அடியில எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது?

அடித்தளச் சவ்வு என்ற மெல்லிய விரிப்பை. அங்கே பிடிக்கும் பொத்தானுக்குப் பாதி டெஸ்மோசோம் என்று பெயர். எதிர்ப்பக்கம் செல் இல்லை, வெறும் விரிப்புதான் என்பதால் 'பாதி'. கையும் வேறு, இன்டெக்ரின். அடிச்செல்கள் இந்த வேலையில் கெட்டி. உயரமான செல்களும் அடிச்செல்களைப் பற்றிக்கொண்டு ஒரு பகுதிப் பலத்தை வாங்கிக்கொள்கின்றன.

லேப்ல கன்னத்தை உள்பக்கம் சும்மா குச்சியால சுரண்டினாலே செல் வந்துடுதே. அப்போ பிடி ரொம்ப வீக்தானே டீச்சர்?

நல்ல கேள்வி. மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் தட்டையான செல்கள் அப்பளம் மாதிரி ஒன்றிரண்டாகச் சிதறிக் கிடக்கும். ஆனால் அது வேறு ஊர் வழக்கம். கன்னத்தின் உள்பக்கம் நிஜமாகவே பல அடுக்கு. மேல் அடுக்குச் செல்கள் உதிர்வதற்கென்றே மேலே வருகின்றன. சோறு, முறுக்கு, சீடை எல்லாம் உரசும் இடம். மேலே வர வரப் பொத்தான்கள் கழற்றப்படுகின்றன. குச்சியில் வருவது ஏற்கெனவே பெட்டி கட்டிக் கிளம்பிய கூட்டம்.

மூச்சுக்குழாயில் உதிர்த்துக்கொள்ள மேலடுக்கு கிடையாது. குடல் உறை மூன்று நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் புதுசாகிவிடும். மூச்சுக்குழாய்ச் செல் ஒழுங்காக இருந்தால் மாசக்கணக்கில் அதே இடத்தில் நிற்கும்.

மூச்சு இழுக்கும்போது குழாய் விரியுதே, அப்போ பிடி அறுந்துடாதா?

பசைக் கேள்வியில் சொன்ன கைகளுக்குப் பின்னால் இருக்கும் நார்கள் இதற்குத்தான். இழுப்பு வந்தால் ஈ-கேதரினைக் கட்டியிருக்கும் இடத்தில் இன்னும் கொஞ்சம் ஆக்டின் வந்து சேரும், பிடி கூடும். வடம் பிடிப்பவர்கள் இழுப்பு கூடக் கூடக் காலை ஊன்றிக்கொள்வது மாதிரி.

இவ்வளவு சின்ன விஷயத்தை யாரு, எப்படிக் கண்டுபிடிச்சாங்க?

சாதாரண நுண்ணோக்கியில் செல்களின் தலைப்பக்கம் ஒரு கறுப்புக் கோடு மட்டும் தெரியும். அந்தக் கோட்டை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, இது ஒன்றல்ல, மூன்று இணைப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசைப்பட்டவை என்று 1963-ல் எழுதியவர்கள் மர்லின் பார்குவாரும் ஜார்ஜ் பலாடேயும். பலாடே 1974-ல் நோபல் பரிசு வாங்கியவர்.

கேதரின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். மசடோஷி டகெய்ச்சி என்ற ஜப்பானியர் எழுபதுகளில் அமெரிக்காவுக்கு வேலைக்குப் போனார். ஊரில் செய்த அதே சோதனையை அங்கே செய்தால், பிரித்த செல்கள் திரும்ப ஒட்டவே மாட்டேன் என்கின்றன. காரணத்தைத் தேடினால், செல்களைப் பிரிக்க அங்கே பயன்படுத்திய கரைசலில் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ என்ற பொருள் இருந்தது. கால்சியம் இல்லாத நேரத்தில் டிரிப்சின் நொதி செல்லின் கைகளை வெட்டிவிடும், கால்சியம் இருந்தால் கைகள் தப்பிக்கும். கால்சியத்தை நம்பி நிற்கும் அந்தக் கைகளுக்குத்தான் பின்னால் கேதரின் என்று பெயர் வைத்தார். சோதனை சொதப்பியதும் கரைசலைக் குறை சொல்லிவிட்டு வேறு வேலை பார்க்கப் போயிருந்தால்?

இறுக்கமான இணைப்பும் லேசில் பிடிபடவில்லை. 1993-ல் ஷோய்ச்சிரோ சுகிடாவின் குழு ஆக்ளூடினைக் கண்டது. ஆள் அகப்பட்டுவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆக்ளூடினே இல்லாத செல்களை உண்டாக்கிப் பார்த்தால் தையல் அப்படியே இருக்கிறது! மறுபடி தேடி, 1998-ல் அதே குழு கிளாடினைக் கண்டுபிடித்தது. லத்தீனில் 'மூடு' என்ற பொருள் வரும் சொல்லிலிருந்து எடுத்த பெயர். மனிதருக்கு 20-க்கும் மேற்பட்ட கிளாடின்கள் உண்டு.

அக்கா, அப்போ கால்சியம் மாத்திரை போட்டா இந்த ஒட்டு கெட்டியாகுமா?

ஆகாது. கேதரினுக்குக் கால்சியம் வேண்டும் என்பது உண்மை, ஆனால் அது உங்கள் உடம்பில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது. 100 மில்லி இரத்தத்தில் 8.5 முதல் 10.5 மில்லிகிராம் என்ற கணக்கைப் பாராதைராய்டு சுரப்பி கறாராகக் காக்கிறது. குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்துப் போடும், கூடினால் வெளியே தள்ளும். எலும்புக்காக டாக்டர் கொடுத்திருந்தால் போடுங்கள், மூச்சுக்காகப் போடாதீர்கள்.

சாப்பாட்டில் ஒன்று கேட்டால் வைட்டமின் ஏ பக்கம் கை காட்டுவேன். அது ரொம்பக் குறைந்தால் குறு இழைச் செல்கள் இருந்த இடத்தில் தட்டைச் செல்கள் வந்துவிடும். இது 1925-லேயே எலிகளில் பார்த்த விஷயம். முருங்கைக்கீரை போதும்.

பூட்டிக் கிடந்த வீட்டைக் கல்யாணத்துக்குத் திறந்தா எல்லாருக்கும் தும்மலும் இழுப்பும் வருதே. தூசி போய் ஒட்டைப் பிரிச்சிடுமா?

இந்த ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். போன தை மாசம் எங்கள் தெருவில் ஒரு வீட்டை நாலு வருஷம் கழித்துத் திறந்தார்கள். முகப்பைக் கழுவி, வளவைக் கூட்டி, இரண்டாங்கட்டு அறையிலிருந்த பழைய இலவம்பஞ்சு மெத்தைகளை வாசலில் போட்டு ஒருவர் தடியால் அடிக்க, வெயிலில் தூசி பொன்னாகப் பறந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்த பேரப்பிள்ளைகள் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ராத்திரி அதில் ஒரு பிள்ளைக்கு இழுப்பு.

வெறும் தூசி மூக்கின் நரம்பைக் கிளறித் தும்மல் வரவைக்கும், அவ்வளவுதான். மெத்தைத் தூசியில் இன்னொரு சரக்கு இருக்கிறது. நம் தோலிலிருந்து உதிரும் செதில்களைத் தின்று வாழும் தூசிச் சிற்றுண்ணியின் எச்சம். உண்ணி கண்ணுக்குத் தெரியாது, ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. அது செத்துப்போனாலும் எச்சம் மெத்தையிலேயே கிடக்கும். அந்த எச்சத்தில் புரதத்தை வெட்டும் நொதி ஒன்று உண்டு. அது இறுக்கமான இணைப்பிலுள்ள ஆக்ளூடினை வெட்டி, செல்களுக்கு நடுவில் வழி திறக்கிறது என்பதை 1999-ல் ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் காட்டினார்கள். பூட்டை அறுக்கும் ரம்பத்தைக் கையோடு கொண்டுவரும் திருடன் மாதிரி. திறந்த வழியாக அந்தப் பொருளே உள்ளே இறங்கி, அங்கே காத்திருக்கும் நோயெதிர்ப்புச் செல்களிடம் மாட்டுகிறது. ஒவ்வாமை உள்ள உடம்பு என்றால் அப்புறம் நடப்பது உங்களுக்கே தெரியும்.

மெத்தை தட்டும் நேரத்தில் இழுப்பு உள்ள பிள்ளைகளை நாலு வீடு தள்ளி வையுங்கள். உறை, விரிப்பை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் உண்ணி சாகும், எச்சமும் பெரும்பாலும் நீரோடு போகும்.

டீச்சரம்மா, நான் ஆத்தங்குடிக் கல்லு போடுற வேலை. சிமெண்ட் தூசியும் இப்படித்தானா?

இது வேறு வகை. ஆத்தங்குடித் தரை டைல் செய்யும்போது கண்ணாடிமேல் சட்டம் வைத்துச் சாயத்தை ஊற்றுவது ஈர வேலை, அதில் பயமில்லை. அதன்மேல் உலர்ந்த சிமெண்ட் கலவையைத் தூவும் இடமும் மணல் சலிக்கும் இடமும்தான் கவனிக்க வேண்டியவை. சிமெண்ட் காரத்தன்மை உள்ளது, ஈரமான உறைமேல் பட்டால் அரிக்கும். பெரிய துகளை மூக்கும் சளியும் பிடித்துவிடும். மணலிலுள்ள சிலிக்காவின் நுண்துகள் சளியில் சிக்காமல் காற்றுப்பை வரைக்கும் போய்விடும். அங்கே செய்யும் கெடுதல் இந்த இணைப்புக் கதையைவிடப் பெரிது, திரும்பச் சரியாகாதது. துண்டைக் கட்டிக்கொண்டால் போதாது. என்-95 முகக்கவசம் போடுங்கள், சலிக்கும் முன் மணலில் தண்ணீர் தெளியுங்கள்.

சிகரெட், சமையல் புகை?

இரண்டும் பிடியைத் தளர்த்தும். சிகரெட் புகை ஈ-கேதரினையும் இறுக்கமான இணைப்பையும் குறைக்கிறது. சோதனைக்காக மூச்சில் இழுக்கக் கொடுக்கும் ஒரு குறிப்பொருள், புகைப்பவருக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் இரத்தத்தில் கலந்துவிடுவதை எண்பதுகளின் தொடக்கத்திலேயே அளந்துவிட்டார்கள். உறை கசிகிறது என்பதற்கு அதுவே சாட்சி. விட்டுவிட்டால் கசிவு குறைகிறது.

மிளகாய் வறுக்கும்போது வரும் இருமலைப் பலரும் இதோடு சேர்த்துக் கேட்கிறார்கள். அது மிளகாயின் காப்சைசின் உறைக்குள் ஒளிந்திருக்கும் நரம்பு நுனியைத் தொடுவதால் வருவது. ஒட்டு நன்றாக இருந்தாலும் வரும். விறகுப் புகையில் வருஷக்கணக்காகச் சமைப்பது வேறு, அது சிகரெட்டுக்குப் பங்காளி.

ஆஸ்துமா வந்ததால ஒட்டு விட்டுச்சா, ஒட்டு விட்டதால ஆஸ்துமா வந்துச்சா?

எதிர்வீட்டு ஆச்சி கேட்டது. இரண்டு பக்கமும் ஓடுகிற தெரு இது. ஒவ்வாமை அழற்சியில் சுரக்கும் இன்டர்லூகின்-4, 13 போன்ற பொருள்கள் இணைப்புகளைத் தளர்த்துகின்றன, இது ஒரு பக்கம். ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுக்குழாயிலிருந்து செல்களை எடுத்து, அழற்சி எதுவும் இல்லாத கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்துப் பார்த்தார்கள், 2011-ல், இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில். அங்கேயும் அவை மற்றவர்களின் செல்களைவிடக் கசிகிற உறையைத்தான் கட்டின. இது மறுபக்கம். தளர்ந்த இடத்தில் தூசி உள்ளே போகிறது, உள்ளே போனதால் அழற்சி, அழற்சியால் இன்னும் தளர்ச்சி.

ஆச்சியின் அடுத்த கேள்வி: "கோழையில வெள்ளை வெள்ளையா வருதே, அது செல்லா?" வெறும் கண்ணுக்குத் தெரிவது சளிதான். ஆனால் கடும் ஆஸ்துமாவில் சளியை நுண்ணோக்கியில் பார்த்தால் உறைச் செல்கள் கொத்துக் கொத்தாக உதிர்ந்திருப்பது தெரியும். கொத்தாக வருவதைக் கவனியுங்கள். மேலே செல்லுக்குச் செல் பிடித்த பிடி விடவில்லை, அடியில் இருந்த பிடிதான் விட்டது.

இன்ஹேலர் அடிச்சா பழக்கமாயிடும்னு சொல்றாங்களே?

என் தங்கை மகளுக்கு ஆறு வயதில் இதையே ஒரு மருந்துக்கடையில் சொல்லி, சிரப்பாகக் கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு வருஷம் அந்தப் பிள்ளை ராத்திரி தூங்கவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை, அதனால் கொஞ்சம் சூடாகவே எழுதுகிறேன்.

அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் போதைப் பழக்கம் உண்டாக்குவதில்லை. ஒரு இழுப்பில் இருப்பது நூறு இருநூறு மைக்ரோகிராம். மாத்திரையில் மில்லிகிராம், அதாவது ஆயிரம் மடங்கு பெரிய அலகு. மருந்து நேரே உறைமேல் விழுகிறது. அழற்சி அடங்கினால் மேலே சொன்ன சுழலில் ஒரு கண்ணி அறுகிறது. ஆய்வக வளர்ப்புகளில் ஸ்டீராய்டு பட்ட செல்கள் கசிவு குறைந்த உறையைக் கட்டுவதும் தெரிந்திருக்கிறது. நன்றாக இருக்கிறது என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அடித்து முடித்ததும் வாய் கொப்பளியுங்கள்.

எல்லாத்தையும் ஒரேயடியா இறுக்கி அடைச்சுட்டா நோயே வராதுல்ல?

வீட்டுக்கு வாசலே வைக்காமல் கட்டுகிற யோசனை. உள்ளிருந்து வெள்ளணுக்கள் வெளியே வர வேண்டும். கிருமி வந்ததும் அவை இரத்தக்குழாயை விட்டிறங்கி, உறைச் செல்களுக்கு நடுவே நுழைந்து காற்றுப் பக்கம் வரும், பின்னாலேயே இணைப்பு மூடிக்கொள்ளும். டென்டிரிடிக் செல் என்றொரு காவல்காரர் இன்னும் கெட்டிக்காரர். கீழே இருந்தபடியே செல்களுக்கு நடுவில் கையை மட்டும் மேலே நீட்டி என்ன வந்திருக்கிறது என்று தடவிப் பார்ப்பார். தானும் இறுக்கமான இணைப்புப் புரதங்களை வைத்திருப்பதால், கை போன இடத்திலும் கசிவு வராது.

வைரஸ் இந்த இணைப்பு வழியாத்தான் உள்ள வருதா?

சில வரும், சில இந்த வழியாக வெளியே போகும். தட்டம்மையைச் சொல்கிறேன். அது உள்ளே வருவது காவல் செல்களின் முதுகில் ஏறி. உடம்பெல்லாம் சுற்றிவிட்டு மூச்சுக்குழாய் உறைக்கு அடிப்பக்கமாக வந்து சேரும். அங்கே அது பற்றும் பிடி நெக்டின்-4, ஒட்டும் இணைப்பில் இருக்கும் ஒரு புரதம். 2011-ல் தெரிந்தது. அதைப் பிடித்துச் செல்லுக்குள் ஏறி, மேல்பக்கமாகக் காற்றில் இறங்கி, அடுத்த பிள்ளையைத் தேடிப் போகும். தடுப்பூசி போடாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் பரவுவது சும்மா இல்லை. 9 மாதத்தில் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று, இரண்டு ஊசியையும் போட்டுவிடுங்கள்.

சாதாரணச் சளி பிடிக்கவைக்கும் ரைனோவைரஸ் இறுக்கமான இணைப்பைத் தளர்த்தும். சளி பிடித்த வாரத்தில் ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பு கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு செல் செத்துப் போயிட்டா பக்கத்துச் செல்லுக்கு எப்படித் தெரியும்?

இத்தனை வருஷத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கேட்டவன் பின்வரிசைப் பையன், வழக்கமாகத் தூங்குபவன்.

இறுக்கமான இணைப்பு வெளியிலிருந்து வருவதைத் தடுக்கிறது என்று மட்டும் இதுவரை பார்த்தோம். அது செல்லின் மேல்பக்கத்தையும் கீழ்ப்பக்கத்தையும் பிரித்தும் வைக்கிறது. மேல்பக்க ஈரத்தில் ஹெரெகுலின் என்ற வளர்ச்சித் தூண்டி எப்போதும் மிதந்துகொண்டிருக்கும். அதை வாங்கும் ஏற்பி செல்லின் கீழ்ப்பக்கத்தில் மட்டும். சாவி முகப்பில் தொங்குகிறது, பூட்டு இரண்டாங்கட்டில், நடுவில் கதவு சாத்தியிருக்கிறது. ஒரு செல் செத்தாலோ உறை கிழிந்தாலோ கதவு திறந்துவிடும். ஹெரெகுலின் கசிந்து கீழே இறங்கி, ஓரத்துச் செல்களின் ஏற்பியைத் தொடும். உடனே அந்தச் செல்கள் பழுதுபார்க்கக் கிளம்பும். யாரும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை, உடைப்பே சேதி. 2003-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகக் குழு இதை மனித மூச்சுக்குழாய்ச் செல்களில் காட்டியது. பையன் அன்றைக்கு முழுக்கத் தூங்கவில்லை.

காய்ச்சல் விட்டு மூணு வாரமாச்சு, இருமல் மட்டும் போகல. ஏன்?

முந்தைய பதிலில் கிளம்பிய பழுதுவேலை முடியவில்லை, அதனால். புளூ வைரஸ் குறு இழைச் செல்களைக் கூட்டமாகக் கொல்லும். முதலில் அடிச்செல்கள் தட்டையாகப் பரவி வெற்றிடத்தை மூடும், இது சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடும். அப்புறம் அவை பெருகி, உயர்ந்து, இணைப்புகளைக் கட்டி, தலையில் இழை முளைத்து வீச ஆரம்பிக்க வாரங்கள் பிடிக்கும். அதுவரை நரம்பு நுனிகள் வெளிக்குப் பக்கமாக இருப்பதால் புகை, குளிர்காற்று, ஊதுபத்தி எல்லாமே இருமலைக் கிளப்பும். எட்டு வாரம் தாண்டினாலோ, சளியில் இரத்தம் வந்தாலோ காத்திருக்காதீர்கள். நம் நாட்டில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமினாலே காசநோய்க்குச் சளி பரிசோதிக்க வேண்டும் என்பதும் விதி.

ஆவி பிடித்தால் ஒட்டு விட்டுப்போகுமா என்று கேட்பவர்களுக்கும் இங்கேயே: போகாது. சளி இளகும், அவ்வளவே. கொதிநீர்ப் பாத்திரத்தைப் பிள்ளைகள் மடியில் கவிழ்த்துக்கொள்வதுதான் நிஜ ஆபத்து.

பிடி விட்டுட்டு ஓடுறதுதான் கேன்சரா?

ஒரு பகுதி அப்படி. உறையில் தோன்றும் புற்றுச் செல்கள் பல நேரம் ஈ-கேதரினைக் குறைத்துக்கொண்டு, கூட்டத்தை விட்டு நகரும் குணத்தை வாங்கிக்கொள்கின்றன. ஆனால் பிடி விட்ட செல்லெல்லாம் புற்று அல்ல. கருவளர்ச்சியிலும் காயம் ஆறும்போதும் செல்கள் இப்படி நகர்வது வழக்கம்தான்.

பிடிச்சுக்கிட்டே நகர முடியுமா டீச்சர்?

முடியும். பிள்ளையார்பட்டித் தேர்க் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். நெருக்கம் ஒரு அளவைத் தாண்டினால் யாரும் கால் எடுத்து வைக்க முடியாது, அப்படியே உறைந்து நிற்போம். கொஞ்சம் நெகிழ்ந்தால் பக்கத்து ஆளின் கையை விடாமலேயே கூட்டம் ஆறு மாதிரி ஓடும். 2015-ல் ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளிக் குழு மூச்சுக்குழாய்ச் செல்களில் இதைத்தான் பார்த்தது. கிண்ணத்தில் வளரும் செல்கள் முதலில் ஓடிக்கொண்டிருந்து, முதிர முதிர நெரிசலில் நின்றுவிடுகின்றன. ஆஸ்துமாக்காரர்களின் செல்கள் நிற்க நாள் கூடுதலாக எடுக்கின்றன. நின்ற செல்களை, இழுப்பின்போது குழாய் சுருங்கி நெருக்கும் அளவுக்கு அழுத்தினால் மறுபடி ஓடத் தொடங்குகின்றன.

நிற்குமா ஓடுமா என்பதைச் செல்லின் வடிவத்தை வைத்தே சொல்லலாம். சுற்றளவை, பரப்பின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். விடை 3.81-க்குப் பக்கத்தில் வந்தால் கூட்டம் உறைகிறது, அதைவிடக் கூடினால், அதாவது செல் நீண்டு நெளிந்தால், ஓடுகிறது. பிள்ளைகளுக்கு நம்பிக்கை வரவில்லை. அளவுகோலை எடுத்துக்கொண்டு திண்ணைத் தரையிலேயே உட்கார்ந்தார்கள். 8 அங்குலச் சதுரக் கல்: சுற்றளவு 32, பரப்பு 64, வர்க்கமூலம் 8, விடை 4. பட்டகசாலையில் பதித்திருந்த அறுகோணக் கல்லுக்கு 3.72 வந்தது. ஐங்கோணக் கல் எங்கள் வீட்டில் இல்லை. காகிதத்தில் வரைந்து வெட்டினார்கள், 3.81 வந்தது.